இரவற் செய்நிரலும் மாணவர் சுயாதீனமும்: றோபோவியற் பயிற்சியில் நூலகங்களின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவி ஆக்கியோர் கையிலிருந்து பயன்படுத்துவோர் கைக்கு எவ்வாறு செல்கின்றது, சென்றபின் அதன்மீதான அதிகாரம் எவரிடம் தங்குகின்றது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. சமூக வரலாற்று நோக்கில் இவ்வினாக்களே முதன்மையானவை. கணனிச் செய்நிரலும் ஒரு கருவியே. ஆதலின் அதன் வரலாற்றையும் இவ்வினாக்களைக் கொண்டே அணுகுதல் வேண்டும்.

பாடசாலை மாணவர் றோபோ ஒன்றை இயக்குவதற்கு எழுதும் செய்நிரல் சில நூறு வரிகளை மட்டும் கொண்டதாக இருக்கலாம். ஆனால் அவ்வரிகள் தொழிற்படுவதற்குப் பிறரால் எழுதப்பட்ட பல்லாயிரம் வரிகள் அவற்றின் அடியில் இருத்தல் வேண்டும். மோட்டரைச் சுழற்றுதல், உணரியின் அளவீட்டைப் பெறுதல், றோபோ நிற்கும் இடத்தைக் கணித்தல் முதலிய பணிகளுக்கென முன்னரே எழுதித் தொகுக்கப்பட்ட இத்தகைய நிரற்பகுதிகளே நூலகம் எனப்படுகின்றன. கட்டுப்பாட்டு முறைமையை வழங்குவோரும் அல்லாது, மாணவரும் அல்லாது, வெளியிலுள்ள உற்பத்தியாளரோ தன்னார்வலரோ ஆக்கி அளிப்பவை மூன்றாந் தரப்பு நூலகங்களாம். அவற்றைத் தமது கணனியில் இட்டுக்கொள்வது நிறுவுதல். புதிய பதிப்பு வரும்போது பழையதன் இடத்தில் அதனை வைப்பது இற்றைப்படுத்தல்.

மேற்போக்காக நோக்குமிடத்து இவை தொழினுட்பவியலாளர் பார்த்துக்கொள்ளவேண்டிய சில்லறைக் கருமங்களாகத் தோன்றலாம். எனினும், கற்பவர் தமது கருவிக்கு உடையவரா அல்லது அதன் வாடிக்கையாளர் மட்டுந்தானா என்னும் பிரச்சினை இச்சில்லறைக் கருமங்களினூடாகவே நாள்தோறும் தீர்மானிக்கப்படுகின்றது. அதனை வரலாற்று அடிப்படையில் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

நூலகம் என்னும் சொல் தொடக்கத்தில் வெறும் உருவகமாக வழங்கியதன்று. 1949 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணித ஆய்வுகூடத்தில் மோறிஸ் வில்க்ஸ் என்பாரின் தலைமையில் ஆக்கப்பட்ட எட்சாக் என்னும் கணனி தனது முதலாவது செய்நிரலை இயக்கியது. அவ்வாய்வுகூடத்தார் மிக விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். வெவ்வேறு துறை ஆய்வாளர் கொண்டுவந்த கணக்குகள் வேறுபட்டிருப்பினும், வர்க்கமூலம் காணல், எண்களை அச்சிடல், தொகையீடு செய்தல் போன்ற படிகள் எல்லாவற்றிலும் மீண்டும் மீண்டும் வந்தன. ஒவ்வொருவரும் அவற்றைப் புதிதாக எழுதுவது வீணான உழைப்பாக இருந்ததுடன், ஒவ்வொரு முறையும் புதிய வழுக்களுக்கும் இடமளித்தது. ஆதலால் ஒருமுறை எழுதிச் சரிபார்த்த உபசெய்நிரல்கள் துளையிட்ட காகித நாடாக்களில் பதியப்பெற்று, உருக்கு அலுமாரி ஒன்றில் வகைப்படுத்தி வைக்கப்பட்டன. தேவையானவர் நாடாவை எடுத்து, பொறியின் துணையால் அதன் பிரதியைத் தமது நாடாவில் பதித்துக்கொண்டு, மூலத்தை மீண்டும் அலுமாரியில் வைத்தனர். 1951 அளவில் இவ்வகை உபசெய்நிரல்கள் 80 க்கு மேற்பட்டிருந்தன. அவ்வாண்டிலேயே வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்ரான்லி கில் ஆகிய மூவரும் இம்முறையை விளக்கி நூலொன்றை வெளியிட்டனர்.

இங்கு ஒரு தொழினுட்பச் சிக்கல் இருந்தது. ஒரே உபசெய்நிரல் ஒருவரது செய்நிரலில் நினைவகத்தின் ஓரிடத்திலும் மற்றவரது செய்நிரலில் வேறோரிடத்திலும் அமர நேரிடும். அவ்வாறு இடம் மாறும்போது அதனுள் குறிக்கப்பட்ட முகவரிகளும் மாறவேண்டும். இதனைத் தீர்த்தவர் அக்காலத்தில் ஆய்வு மாணவராக இருந்த வீலர் ஆவார். அவர் அமைத்த இரண்டாவது தொடக்கக் கட்டளைத் தொகுதி, நாடாவை வாசிக்கும்போதே முகவரிகளை இடத்திற்கேற்பத் திருத்தியமைத்தது. இத்தொகுதி முழுவதும் 41 சொற்களுள் அடங்கியது. இன்று 'நிறுவுதல்' எனப்படும் செயலின் கருவடிவம் இதுவே எனலாம்.

இம்முதற் கட்டத்தின் இரு பண்புகள் கவனத்திற்குரியன. முதலாவது, இரவல் பெற்ற பகுதி பயன்படுத்துவோரின் கண்முன் இருந்தது. அதனை வாசிக்கவும் வேண்டுமாயின் மாற்றவும் அவரால் இயன்றது. இரண்டாவது, பிரதி எடுத்த கணத்திலிருந்து அது அவருடையதாயிற்று. அலுமாரியிலுள்ள மூலம் பின்னர் திருத்தப்படினும், அவர் விரும்பிச் சென்று புதிய பிரதி எடுத்தாலன்றி அவரது நாடா மாறாது. இவ்விரு பண்புகளுக்கும் பின்னர் நேர்ந்த கதியே நாம் தொடர்ந்து நோக்கவிருப்பது.

3

அலுமாரி ஓர் ஆய்வுகூடத்தின் எல்லையுள் நின்றது. அவ்வெல்லை ஐக்கிய அமெரிக்காவில் விரைவிலேயே தகர்ந்தது. 1955 இல் ஐ.பி.எம். கொம்பனியின் 704 வகைக் கணனியைப் பெறவிருந்த விமான உற்பத்தி நிறுவனங்கள் முதலியன லொஸ் ஏஞ்சல்சிற் கூடி, 'ஷெயார்' என்னும் பயன்படுத்துவோர் சங்கத்தை அமைத்தன. சந்தையிற் போட்டியிட்ட கொம்பனிகளே தமது செய்நிரல்களை ஒன்றுக்கொன்று இலவசமாகப் பகிர்ந்தமை முதலில் வியப்பளிக்கலாம். அதன் காரணம் பொருளியல் சார்ந்தது. அன்று விற்பனைப் பண்டமாக இருந்தது பொறியேயன்றிச் செய்நிரலன்று. பொறியின் வாடகையுள்ளேயே செய்நிரலின் பெறுமதியும் அடங்கியிருந்தது. தனித்து விலை பெறாத ஒன்றைப் பகிர்வதில் எவருக்கும் நட்டமில்லை.

1969 ஜூன் மாதத்தில் இந்நிலை மாறியது. அதே ஆண்டு ஜனவரியில் ஐக்கிய அமெரிக்க அரசு ஐ.பி.எம். மீது ஏகபோக எதிர்ப்பு வழக்குத் தொடுத்திருந்த சூழலில், அக்கொம்பனி செய்நிரல்களையும் சேவைகளையும் பொறியிலிருந்து பிரித்துத் தனித்தனியே விலை குறிக்கப்போவதாக அறிவித்தது. செய்நிரல் தனிப் பண்டமாகும் போக்கிற்கு இது வலுவூட்டியது. பண்டமான பின்னர் அதன் உட்புறத்தை மறைப்பது வணிகத் தேவையாயிற்று. மூலநிரலை அளியாது பொறி மட்டும் வாசிக்கத்தக்க வடிவை அளிக்கும் வழக்கம் அடுத்துவந்த ஆண்டுகளில் பரவியது. 1976 பெப்ரவரியில், அல்டெயர் என்னும் சிறு கணனிக்கான பேசிக் மொழியை ஆக்கிய பில் கேற்ஸ், அதனை விலை கொடாது பிரதியெடுத்த பொழுதுபோக்கு ஆர்வலருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிக் கண்டித்தார். மறுபுறத்தில், 1983 இல் றிச்சட் ஸ்ரோல்மன் க்னூ திட்டத்தை அறிவித்து, வாசிக்கவும் மாற்றவும் பகிரவும் உள்ள உரிமையைச் செய்நிரலின் அடிப்படை உரிமையாக முன்வைத்தார்.

இவ்விரு போக்குகளும் தனிமனிதரின் நற்குணம் அல்லது தீக்குணம் பற்றியன அல்ல. கடந்தகால உழைப்பு கருவியின் வடிவிற் சேமிக்கப்பட்டு நிகழ்கால உழைப்பின்மீது ஆட்சி செலுத்துவதைக் கார்ல் மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில் ஆராய்ந்தார். நூலகம் என்பதும் சேமிக்கப்பட்ட உழைப்பே. அச்சேமிப்பு பொதுச்சொத்தா, தனிச்சொத்தா என்னும் முரண்பாடே மேற்கூறிய இரு குரல்களிலும் ஒலித்தது.

4

மாணவரின் கைக்கு றோபோ வந்த வரலாறு இதே காலப்பகுதியிலேயே தொடங்குகின்றது. 1967 இல் வொலி ஃபோய்ர்செய்க், செமோர் பப்பேட், சிந்தியா சொலமன் முதலியோர் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் லோகோ என்னும் மொழியைச் சிறுவர்க்கென ஆக்கினர். அதன் கட்டளைகளுக்கேற்பத் தரையில் ஊர்ந்து கோடு வரையும் 'ஆமை' என்னும் சிறு பொறி பின்னர் அதனுடன் இணைக்கப்பட்டது. ஜெனீவாவில் ஜோன் பியாஜேயுடன் பணியாற்றியவரான பப்பேட், கணனி சிறுவரைப் பயிற்றுவதன்று, சிறுவரே கணனியைப் பயிற்றவேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

லோகோவின் அமைப்பில் இக்கருத்து எவ்வாறு உருப்பெற்றது என்பது நமது பொருளுக்கு மிக நெருங்கியது. சதுரம் வரையும் முறையைச் சிறுமி ஒருத்தி எழுதி அதற்குப் பெயரிட்டால், அப்பெயர் அம்மொழியின் ஏனைய சொற்களைப் போன்றே ஒரு சொல்லாகிவிடும். அடுத்து வீடு வரைய விரும்பும்போது அவள் அச்சொல்லை எடுத்தாளுவாள். அதாவது, கற்பவர் தாமே தமது நூலகத்தை ஆக்குகின்றார். எட்சாக் ஆய்வுகூடத்தின் அலுமாரியை ஒவ்வொரு சிறுவரும் தமக்கெனக் கட்டிக்கொண்டமைக்கு இதனை ஒப்பிடலாம்.

பப்பேட்டின் நூலொன்றின் பெயரையே தாங்கி 1998 இல் லெகோ கொம்பனி வெளியிட்ட 'மைண்ட்ஸ்டோர்ம்ஸ்' தொகுதி இக்கருத்தைப் பெருஞ்சந்தைக்குக் கொண்டுவந்தது. எனினும் அதனுடன் வந்த செய்நிரல் முறை வரையறுக்கப்பட்டதாகவே இருந்தது. குறுகிய காலத்துள் வெளியார் அப்பொறியின் உள்ளமைப்பை ஆராய்ந்து வெளியிட்டனர். அதனைக் கொண்டு புதிய மொழிகளும் இயக்க முறைமைகளும் தோன்றின. கொம்பனி வழக்காடாது இதனை அனுமதித்தமை, அப்பொறி பல்கலைக்கழகங்கள் வரை பரவுவதற்குத் துணைசெய்தது. அதேவேளை, 2022 ஆம் ஆண்டின் முடிவில் கொம்பனி இவ்வரிசையை நிறுத்திக்கொண்டபோது, அதனை நம்பிப் பாடத்திட்டம் அமைத்த வகுப்பறைகள் வேறு வழி தேடவேண்டியனவாயின. உற்பத்தியாளரின் தீர்மானம் கல்வியின் கால அட்டவணையையே மாற்றவல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

5

மேற்கூறிய போக்குகள் யாவும் ஒருங்கே சந்திக்கும் களமாக 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பின் உயர்பாடசாலை றோபோப் போட்டியைக் கொள்ளலாம். 1989 இல் டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் இவ்வமைப்பை நிறுவினார். மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் போட்டியின் வடிவமைப்பிற் பெரும்பங்கு கொண்டார். 1992 இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த முதற் போட்டியில் 28 அணிகள் கலந்துகொண்டன. ஆண்டுதோறும் ஜனவரியிற் புதிய விளையாட்டு அறிவிக்கப்படும். சில வாரங்களுள் அணிகள் றோபோவைக் கட்டிச் செய்நிரலும் எழுதவேண்டும். ஆகவே, நேரமே இங்கு அரிதான வளம்.

2004 தொடக்கம் 2008 வரை பயன்பட்ட கட்டுப்படுத்தி சிறியது. மாணவர் சீ மொழியில் எழுதினர். அக்காலத்தில் வூஸ்டர் பொலிரெக்னிக் நிறுவனத்தில் தொடங்கிய நூலகமே இன்று 'டபிள்யூ.பி.ஐ.லிப்' எனப்படுகின்றது. 2009 இல் நஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கொம்பனியின் ஆற்றல் மிக்க கட்டுப்படுத்தி வந்தபோது இந்நூலகம் போட்டியின் அடித்தளமாயிற்று. அடுத்த ஆண்டில் ஜாவா மொழியும் சேர்க்கப்பட்டது. 2015 இல் 'றோபோரியோ' என்னும் கட்டுப்படுத்தி அறிமுகமாயிற்று. அடித்தள நூலகத்தின் மூலநிரல் வெளிப்படையானது. எவரும் அதனை வாசிக்கலாம், திருத்தத்தை முன்மொழியலாம்.

தொடக்கத்தில் மோட்டர்க் கட்டுப்படுத்திகளுக்கான நிரலும் பெரிதும் இவ்வடித்தளத்தினுள்ளேயே இருந்தது. ஆனால் அச்சாதனங்கள் தாமே சிறு கணனிகளாக வளர்ந்தன. வேகத்தை அளந்து தாமே திருத்தும் ஆற்றலைப் பெற்றன. 2017 ஆம் ஆண்டுப் பருவத்தில், பரவலாகப் பயன்பட்ட ஒரு கட்டுப்படுத்திக்கான நிரல் அடித்தளத்திலிருந்து நீக்கப்பட்டு, அதன் உற்பத்தியாளராற் தனியே வழங்கப்படலாயிற்று. இதனால் உற்பத்தியாளர் தமது திருத்தங்களைத் தாமே காலந் தாழ்த்தாது வெளியிட முடிந்தது. அதேவேளை, முன்னர் ஒரே வாயிலிற் பெற்றதை மாணவர் பல வாயில்களிற் சென்று பெறவேண்டியதாயிற்று. உற்பத்தியாளர் ஒவ்வொருவருக்கும் நிறுவும் முறையும் வேறாக இருந்தமை குழப்பத்திற்கு இடமளித்தது.

2019 இல் இதற்கு ஒரு பொதுத்தீர்வு காணப்பட்டது. ஒவ்வொரு மூன்றாந் தரப்பு நூலகமும் தன்னைப் பற்றிய சிறு விவரக் கோப்பொன்றை அளிக்கும். நூலகத்தின் பெயர், பதிப்பு எண், அது வைக்கப்பட்டிருக்கும் இணைய முகவரி, அதற்குத் தேவையான பிற பகுதிகள் ஆகியன அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கோப்பு மாணவரின் செய்நிரல் தொகுதிக்குள்ளேயே தனி உறையில் இடம்பெறும். செய்நிரலைத் தொகுக்கும்போது, கோப்பிற் கூறப்பட்ட அதே பதிப்பு தேடி எடுக்கப்படும். பின்னர் அக்கோப்பிற் போட்டி ஆண்டும் குறிக்கப்படலாயிற்று. ஆண்டு பொருந்தாவிடின் தொகுப்பு நிறுத்தப்படும்.

இவ்வமைப்பின் சிறப்பு யாதெனில், எந்தப் பதிப்பைப் பயன்படுத்துவது என்னும் தீர்மானம் மாணவரின் தொகுதிக்குள்ளேயே எழுத்தில் நிலைபெற்றிருப்பதாகும். உற்பத்தியாளர் புதிய பதிப்பை வெளியிட்டவுடன் மாணவரின் செய்நிரல் தானாக மாறிவிடாது. அவர் கேட்டாலன்றி இற்றைப்படுத்தல் நிகழாது. எட்சாக் நாடாவின் இரண்டாவது பண்பு எழுபது ஆண்டுகளின் பின் வேறோர் உருவில் மீட்கப்பட்டுள்ளது.

ஆனால் மீட்சி முழுமையானதன்று. மூன்று தடைகளை இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். முதலாவது, வன்பொருள் சார்ந்தது. மோட்டர்க் கட்டுப்படுத்தியினுள் பதிக்கப்பட்டுள்ள நிலைபொருளுக்கும் மடிக்கணனியிலுள்ள நூலகத்துக்கும் பொருத்தம் இருத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் இற்றைப்படுத்தி மற்றதை விடுத்தால், நேற்று ஓடிய றோபோ இன்று அசையாது நிற்கக்கூடும். குற்றம் மாணவர் எழுதிய வரிகளில் இராது. ஆயினும் அவர் தமது வரிகளிலேயே அதனைத் தேடி இரவைக் கழிப்பார்.

இரண்டாவது, வலையமைப்புச் சார்ந்தது. விவரக் கோப்பு கையிலிருந்தாலும் நூலகம் தொலைவிலுள்ள சேவையகத்திலேயே உள்ளது. முதன்முறை தொகுக்கும்போது இணையம் வேண்டும். மடிக்கணனியை றோபோவின் கம்பியில்லா வலையமைப்புடன் இணைத்தால் இணையத் தொடர்பு அறுந்துவிடுவது வழக்கம். போட்டி மண்டபத்தில் அணிகள் தமக்கெனக் கம்பியில்லா வலையமைப்பு அமைப்பதற்கு விதிகள் இடமளிப்பதில்லை. இணையமின்றி நிறுவத்தக்க தொகுதிகளும் வழங்கப்படுகின்றன; ஆனால் அடித்தளத் தொகுதி மட்டுமே ஒரு கிகாபைட்டைத் தாண்டுவது. விரைவான இணையமுள்ள பாடசாலைக்கு இது சில நிமிட வேலை. அஃதில்லாத பாடசாலைக்கு ஒரு நாட்பிரச்சினை.

மூன்றாவது, உடைமை சார்ந்தது. அடித்தள நூலகம் வெளிப்படையானதாயினும், உற்பத்தியாளர் சிலர் தமது நூலகங்களின் மூலநிரலை முழுமையாக வெளியிடுவதில்லை. சில சாதனங்களின் உயர்நிலைத் தொழிற்பாடுகள் தனி உரிமக் கட்டணம் செலுத்தியோர்க்கே திறக்கின்றன. போட்டியிற் பதிவுசெய்வதற்கே சில ஆயிரம் டொலர் செலவிடவேண்டிய நிலையில், பொறியியற் கொம்பனியின் ஆதரவும் அனுபவம் மிக்க வழிகாட்டியும் வாய்த்த அணிக்கும் அவை வாய்க்காத அணிக்கும் இடையிலான இடைவெளி நூலகத்தினூடாகவும் அகலுகின்றது.

இப்போக்கிற்கு எதிரான முயற்சிகளும் இல்லாமலில்லை. பைதன் மொழியில் இப்போட்டிக்கு எழுதும் வசதியை உத்தியோகபூர்வ ஆதரவின்றிப் பல ஆண்டுகள் தன்னார்வலரே பேணினர். 2024 இல் அது உத்தியோகபூர்வமாக ஏற்கப்பட்டது. பயன்படுத்துவோர் ஆக்குவோராக மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

6

இரவற் பகுதியின்மீது அளவிறந்து தங்கியிருப்பதன் ஆபத்தை மாணவர் உலகுக்கு வெளியே நிகழ்ந்த ஒரு சம்பவம் தெளிவாக உணர்த்தியது. 2016 மார்ச் 22 இல், என்.பி.எம். என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து 11 வரிகளே கொண்ட 'லெவ்ற்-பாட்' என்னும் நிரலை அதன் ஆசிரியர் மீளப் பெற்றுக்கொண்டார். ஒரு சொல்லின் இடப்புறத்தில் வெற்றிடம் நிரப்புவதே அதன் பணி. அது மறைந்ததும், அதனை நேரே அறியாதவர்களின் செய்நிரல்களும் உலகின் பல பாகங்களிலும் தொகுக்கப்படாது நின்றன. சில மணித்தியாலத்துள் களஞ்சியத்தார் அதனை மீட்டு வைத்தனர்.

இதனைக் கண்டு, இரவல் கொள்ளவே கூடாது, ஒருமுறை நிறுவியதை மாற்றவே கூடாது என முடிவுசெய்வோரும் உளர். அதுவும் தவறே. 2021 டிசெம்பரில், ஜாவா உலகிற் பரவலாகப் பயன்பட்ட லொக்4ஜே நூலகத்தில் கடும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, விரைந்து இற்றைப்படுத்தியவரே தப்பினர். தம் முறைமையுள் அந்நூலகம் எங்கெங்கு உள்ளது என்பதையே அறியாதிருந்தோர் முதலில் அதனைத் தேடவேண்டியிருந்தது. முதற் சம்பவம் கேளாமலே வந்த மாற்றத்தின் தீங்கைக் காட்டியது. இரண்டாவது, வேண்டிய மாற்றத்தைச் செய்ய இயலாமையின் தீங்கைக் காட்டியது. இரண்டிற்கும் பொதுவான வேர் ஒன்றே: தாம் எதன்மீது நிற்கின்றோம் என்பதை அறியாமை.

7

மாணவர் றோபோவியல் பற்றிய உரையாடலில் இருவகைக் கருத்துகள் அடிக்கடி எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. நூலகங்கள் மாணவரைச் சோம்பராக்குகின்றன, யாவற்றையும் அவர் தாமே எழுதவேண்டும் என்பது ஒன்று. போட்டியில் வெல்வதே நோக்கு, உள்ளிருப்பதை அறியவேண்டியதில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். முன்னையது உழைப்பின் சமூகத் தன்மையை மறுக்கின்றது. பின்னையது கற்றலின் நோக்கத்தையே மறுக்கின்றது. வீலரும் அவரது தோழரும் அலுமாரியை அமைத்தது எவரும் சிந்திக்காதிருப்பதற்காகவன்று. ஏற்கெனவே சிந்தித்து முடிந்ததிலிருந்து அப்பாற் செல்வதற்காகவே.

ஆகவே, வகுப்பறையில் நூலகத்தை நிறுவுதலும் இற்றைப்படுத்தலும் பாடம் தொடங்குமுன் ஆசிரியரோ வழிகாட்டியோ முடித்துவைக்கவேண்டிய ஆயத்த வேலைகளாகக் கொள்ளப்படலாகாது. அவையும் பாடத்தின் பகுதிகளே. எந்தப் பதிப்பு பயன்படுகின்றது என்பதை மாணவர் வாசித்தறிதல், அதனைத் தமது செய்நிரலுடன் சேர்த்துப் பேணுதல், போட்டிக்கு முன்னரே நூலகங்களின் பிரதியை இணையமின்றி எடுக்கத்தக்கவாறு சேமித்தல், புதிய பதிப்பில் யாது மாறியது என்பதைப் படித்தபின் நிலைபொருளையும் உடனிணைத்து மாற்றிச் சோதித்தல், போட்டிக்கு முந்திய இரவில் மாற்றாதிருத்தல் ஆகியன கைப்பழக்கங்களாகத் தோன்றினாலும், தம் கருவியைத் தாமே ஆளும் பயிற்சியாகவே மதிக்கத்தக்கன. மூலநிரல் கிடைக்கும் நூலகத்தில் ஒரு பகுதியையேனும் மாணவர் திறந்து வாசிக்கும் வாய்ப்பு அளிக்கப்படவேண்டும். கிடைக்காத இடத்தில், அது ஏன் கிடைப்பதில்லை என்னும் வினாவாவது வகுப்பில் எழவேண்டும்.

நூலகம் பிறரது உழைப்பை நமக்கு அளிக்கின்றது. அவ்வுழைப்பு அறியப்பட்டும் தெரிவுசெய்யப்பட்டும் வரும்போது அது கற்பவரின் ஆற்றலாகின்றது. மறைக்கப்பட்டும் பிறர் விருப்பின்படி மாற்றப்பட்டும் வரும்போது அதுவே அவர்மீதான ஆட்சியாகின்றது. றோபோ களத்தில் ஓடுவது இரு நிலையிலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒரு நிலையில் அதனை ஓட்டுபவர் மாணவர்; மறு நிலையில் மாணவரின் கையைக் கொண்டு வேறொருவர் ஓட்டுகின்றார். இவ்வேறுபாட்டை இளவயதிலேயே உணரும் தலைமுறையே நாளைய தொழினுட்பத்தைத் தனக்கும் தன் சமூகத்துக்கும் உரியதாக்கும்.